ஒரே மெட்டில் நாலு பாட்டு: கிட்டி வெல்ஸின் ‘ஏஞ்சல்ஸ்’ எங்கிருந்து வந்தது?

பழையதட்டு:

1952 ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வகை இசை) பட்டியலில் ஒரு பெண்ணின் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பாடியவர் கிட்டி வெல்ஸ். பாட்டு ‘இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்க்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’. பெயர் நீளம் என்பதால் இந்த இழையில் ‘ஏஞ்சல்ஸ்’ என்றே எழுதுகிறேன். அந்தப் பட்டியல் 1944-இல் தொடங்கியது. அதுவரை தனியாகப் பாடிய எந்தப் பெண்ணும் அதில் முதலிடம் பிடித்ததில்லை. 1949-இல் மார்கரெட் வைட்டிங் அந்த இடத்துக்கு வந்தார், ஆனால் அது ஜிம்மி வேக்லியோடு பாடிய ஜோடிப் பாட்டு. கிட்டி வெல்ஸ் தனிக்குரலில் வந்து ஆறு வாரம் இருந்தார்.

ஏஞ்சல்ஸ் ஓர் எசப்பாட்டு. அதே வருடம் மே மாதத்தில் ஹாங்க் தாம்ப்சனின் ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ உச்சிக்குப் போய் 15 வாரம் இறங்காமல் இருந்தது. தன்னை விட்டுப் போன பெண்ணைப் பார்த்து ஓர் ஆண் புலம்பும் பாட்டு அது. மதுவும் நடனமுமாக விளக்கு மின்னுகிற இடத்துக்குப் போய்விட்டாயே, கடவுள் இப்படியும் பெண்களைப் படைப்பார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பான். ஹாங்க்கி டாங்க் என்பது சாலையோர மதுக்கடை. ஒரு மூலையில் காசு போட்டால் தட்டு பாடும் ஜூக்பாக்ஸ், கொஞ்சம் ஆட இடம், அவ்வளவுதான்.

கிட்டி வெல்ஸின் பாட்டில் ஒரு பெண் அதே ஜூக்பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆணின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறாள்: இதற்குக் கடவுளைப் பழிக்காதே, கல்யாணம் ஆகியும் ஆகாதவன் போலத் திரிகிற ஆண்களால்தான் நல்ல பெண்கள் பலர் கெட்டார்கள் என்று.

இரண்டு பாட்டுக்கும் மெட்டு ஒன்றே. அந்த மெட்டு இந்த இரண்டோடும் நிற்கவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

தாளம்தட்டி:

நல்ல இழை சார். ஆனால் முதல் கேள்வியிலேயே எனக்கு இடிக்கிறது. ஒருவர் பாட்டு முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே மெட்டில் இன்னொருவர் தட்டு போட்டு விற்றால் அது திருட்டு இல்லையா? எசப்பாட்டு என்று பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பழையதட்டு:

அதற்கு மெட்டு யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வைல்ட் சைட் பாட்டை எழுதியவர்கள் என்று ஆர்லி கார்ட்டர், வில்லியம் வாரன் இருவர் பெயர் இருக்கிறது. முதலில் பதிவு செய்ததும் ஹாங்க் தாம்ப்சன் இல்லை. டெக்சாஸ்காரர் ஜிம்மி ஹீப், தன் மெலடி மாஸ்டர்ஸ் குழுவோடு 1951-இல் போட்டார். தாம்ப்சன் அந்த வருடம் டிசம்பரில் கேபிடல் நிறுவனத்துக்காகப் பாடினார். அதுவும் ‘கிரையிங் இன் த டீப் ப்ளூ சீ’ என்ற வேறொரு பாட்டின் மறுபக்கமாக வந்தது. ஜூக்பாக்ஸில் காசு போட்டவர்கள் மறுபக்கத்தைத்தான் கேட்டார்கள்.

ஆனால் அந்த மெட்டு அவர்கள் யாருடையதும் இல்லை. 1936-இல் ராய் ஏக்கஃப் அதே மெட்டில் ‘தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்ட்’ பாடியிருந்தார். அதற்கும் முன்னால், 1929 பிப்ரவரி 14 அன்று நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், கார்ட்டர் குடும்பம் ‘ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்’ என்று அதைப் பதிவு செய்திருந்தது. விக்டர் கம்பெனித் தட்டு. கடல் கடந்து போய்விட்ட நீலக்கண் காதலனை நினைத்து ஏங்கும் பாட்டு.

அதோடும் முடியவில்லை. 1925-இல் கென்டக்கியைச் சேர்ந்த வெல்பி டூமி, எட்கர் போவாஸ் இருவரும் ஜென்னட் கம்பெனிக்குப் பாடிய ‘த்ரில்ஸ் தட் ஐ கான்ட் ஃபர்கெட்’ என்ற தட்டிலும் இதே மெட்டுதான். அதாவது கார்ட்டர் குடும்பம் தட்டு போடுவதற்கு முன்பே இது மலை நாட்டு வாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. தாம்ப்சனிடமிருந்து கிட்டி வெல்ஸ் திருடினார் என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் திருட்டை 1925 வரைக்கும் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

வானொலிவாசி:

நீலக்கண் பாட்டு என்றதும் சாரா கார்ட்டரின் கதை இல்லாமல் எப்படி? இந்த நாலில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான், காரணம் பாட்டுக்குள் இல்லை.

கார்ட்டர் குடும்பம் என்றால் மூன்று பேர். வர்ஜீனியாவின் மேசஸ் ஸ்பிரிங்கைச் சேர்ந்த ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் தாய்வழி ஒன்றுவிட்ட தங்கை மேபெல். மேபெல் ஏ. பி.யின் தம்பியைக் கட்டிக்கொண்டவர், அதனால் ஓரகத்தியும் ஆகிறார். ஏ. பி. பாட்டுத் தேடி மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்விடுவார். வீடு, வயல், பிள்ளைகள் எல்லாம் சாரா தலையில். இந்த நேரத்தில் ஏ. பி.யின் சொந்தத்தில் ஒருவரான கோய் பேஸோடு சாராவுக்கு மனம் ஒன்றிவிட்டது. விஷயம் தெரிந்ததும் கோய் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. சாரா 1933-இல் ஏ. பி.யை விட்டுப் பிரிந்தார், 1936-இல் விவாகரத்து. ஆனால் குழு கலையவில்லை. பிரிந்த கணவன் மனைவி இருவரும் ஒரே மைக் முன்னால் நின்று பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1938 குளிர்காலத்தில் அவர்களுக்கு எக்ஸ்ஈஆர்ஏ வானொலியில் வேலை கிடைத்தது. நிலையம் மெக்சிகோ எல்லைக்குள், டெக்சாஸின் டெல் ரியோவுக்கு எதிர்க்கரையில் இருந்தது. அமெரிக்க அரசின் மின்சக்தி வரம்பு அங்கே செல்லாது. அமெரிக்காவுக்குள் ஒரு நிலையத்துக்கு 50,000 வாட் உச்சவரம்பு என்றால் இவர்களுக்கு 5,00,000 வாட். இரவில் கண்டம் முழுக்கக் கேட்கும்.

1939 பிப்ரவரியில் ஒரு நாள் சாரா மைக்கில் சொன்னார், இந்தப் பாட்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேஸுக்கு என்று. பிறகு நீலக்கண் பாட்டைப் பாடினார். முன்னாள் கணவர் அதே அறையில் நிற்கிறார். கலிஃபோர்னியாவில் கோய் அதைக் கேட்டார், கிளம்பி டெக்சாஸ் வந்துவிட்டார். பிப்ரவரி 20 அன்று பிராக்கெட்வில் ஊரில் கல்யாணம்.

பத்து வருடத்துக்கு முன் தட்டில் பாடிய அதே பாட்டுதான். ஆனால் தட்டில் அது விற்பனைச் சரக்கு, அன்றைக்கு வானொலியில் அது கடிதம்.

நாசரேத்காரர்:

நடுவில் இருக்கும் ஸ்பெக்கிள்டு பேர்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காதல் பாட்டுக்கும் மதுக்கடைப் பாட்டுக்கும் நடுவே அந்த மெட்டு ஒரு தடவை கோவிலுக்குள் போய்வந்திருக்கிறது.

தமிழ் வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் எரேமியா 12-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தைப் பாருங்கள். பலவருணப் பறவை ஒன்று, அதைச் சுற்றி மற்றப் பறவைகள் அடித்துத் தின்ன வருகின்றன. இந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் பாட்டு. எழுதியவர் பெயர் ரெவரண்ட் கை ஸ்மித் என்று இருக்கிறது. பறவை என்பது சபை, சுற்றி வருபவை சபையை வெறுப்பவர்கள். அமெரிக்கத் தெற்கில் பஞ்சாலையிலும் சுரங்கத்திலும் உழைத்த ஏழைகள் நடத்திய சின்னச் சின்ன சபைகளை ஊரிலுள்ள பெரிய சபைக்காரர்கள் மட்டமாகத்தான் பார்த்தார்கள். அந்த ஜனங்கள் இந்தப் பறவை நாங்கள்தான் என்று பாடினார்கள். கடைசியில் அந்தப் பறவையின் செட்டையில் ஏறி ஆண்டவரைச் சந்திக்கப் போவதாக முடியும்.

ராய் ஏக்கஃப் அப்போது டென்னசியின் நாக்ஸ்வில் நகர வானொலியில் பாடிக்கொண்டிருந்தார். சார்லி ஸ்வெயின் என்பவர் குழு இதைப் பாடக் கேட்டு, வரிகளை எழுதித் தரச் சொல்லி 50 சென்ட் கொடுத்து வாங்கினார். 1936 அக்டோபரில் சிகாகோவில் ஏஆர்சி கம்பெனிக்குப் பதிவு செய்தார். அந்தக் கம்பெனிக்காரர் வில்லியம் கலாவே இவரைத் தேடி வந்ததே இந்தப் பாட்டுக்காகத்தான். அடுத்த வருடமே பாட்டின் இரண்டாம் பாகமும் பதிவானது. 1938 பிப்ரவரியில் நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் இதைப் பாடினார், கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன, அவருக்கு அங்கே நிரந்தர இடம் கிடைத்தது.

1936 தட்டில் குரலுக்குப் பின்னால் அழுகிற மாதிரி இழுபடும் வாத்தியம் உலோகத் தட்டு பதித்த ரெசனேட்டர் கிடார். வாசித்தவர் க்ளெல் சம்மி. கம்பி மேல் எஃகுத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிப்பது. குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் கிடார் வழுக்கிக்கொண்டு போகும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

மூன்றுகார்டு:

கிடார் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். இந்த மெட்டு ஏன் இத்தனை பேருக்கு வாகாக இருந்தது என்பதற்கு விடை கார்டுகளிலேயே (ஒன்றாகச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்) இருக்கிறது.

ஜி ஸ்கேலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி ஜி-யில் தொடங்கி சி-யில் போய் நிற்கும். இரண்டாம் வரி டி-யில் தொடங்கி ஜி-க்குத் திரும்பும். மூன்றாம் வரி முதல் வரி மாதிரி, நான்காம் வரி இரண்டாவது மாதிரி. பல்லவி, சரணம் எல்லாம் இதேதான். மொத்தம் மூன்று கார்டு.

கவனிக்க வேண்டியது முதல் வரி சி-யில் நிற்பது. அங்கே பாட்டு முடிந்த உணர்வு வராது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் நிறுத்திய மாதிரி இருக்கும். இரண்டாம் வரி அதைப் பிடித்து டி வழியாக ஜி-யில் கொண்டுவந்து உட்கார வைக்கும். ஒவ்வொரு ஈரடியிலும் ஒரு கேள்வி, ஒரு தீர்ப்பு. காதலன் எங்கே என்று ஏங்குபவளுக்கும் அது பொருந்தும், சபையைப் பற்றிச் சாட்சி சொல்பவனுக்கும் பொருந்தும், குற்றம் சாட்டுபவனுக்கும் பொருந்தும், அந்தக் குற்றச்சாட்டைத் திருப்பி வீசுபவளுக்கும் பொருந்தும்.

மேபெல் கார்ட்டரின் கைவேலையும் முக்கியம். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்கும், மற்ற விரல் மெல்லிய கம்பிகளில் கார்டைத் தேய்த்துவிடும். ஒரே ஆள் மெட்டும் தாளமும் சேர்த்து வாசிக்கிற வித்தை. அமெரிக்காவில் கிடார் தொட்ட பாதிப் பேர் இதில்தான் ஆரம்பித்தார்கள். அவர் வைத்திருந்தது கிப்ஸன் எல்-5, 1928-இல் 275 டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை.

தாளம்தட்டி:

மூன்றுகார்டு அண்ணா, இது எந்த ராகத்தில் வரும்? சங்கராபரணமா?

மூன்றுகார்டு:

சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்கள்தான் தம்பி. ஆனால் கமகம் இல்லாமல் நேராக நிற்கிற சுரங்கள். ராகமாக நினைத்துக் கேட்டால் உனக்கு ஏமாற்றமாக இருக்கும். கார்டு எங்கே மாறுகிறது என்று கேள், பாட்டு பிடிபடும்.

தாளம்தட்டி:

சரி. மெட்டு ஊர்ச் சொத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீலக்கண் பாட்டுக்கு ஏ. பி. கார்ட்டர் பெயர் எப்படி வந்தது? ஊர்ச் சொத்தில் ஒருவர் தன் பெயரை எழுதிக்கொண்டார் என்றுதானே ஆகிறது?

பழையதட்டு:

இந்தக் கேள்வி நியாயம். இதற்கு விக்டர் கம்பெனிக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்த ரால்ஃப் பியர் என்ற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1927 ஜூலை கடைசியில் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலிருக்கும் பிரிஸ்டல் ஊரில் பியர் ஒரு தற்காலிக ஸ்டூடியோ போட்டார். ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் கார்ட்டர் குடும்பம் அங்கே வந்து ஆறு பாட்டு பாடியது. பியர் விக்டர் கம்பெனியிடம் சம்பளம் கேட்கவில்லை. பதிலுக்குப் பாட்டுகளின் பதிப்புரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வருமானமே அதில்தான். ஆகவே அவருக்கு வேண்டியது இன்னொருவர் பெயரில் பதிவாகாத பாட்டுகள். பழைய பாட்டாக இருக்கலாம், ஆனால் புதிதாகப் பதிவு செய்யும்படி இருக்க வேண்டும்.

அதனால்தான் ஏ. பி. கார்ட்டர் மலை மலையாக ஏறிப் பாட்டு தேடினார். பல பயணங்களில் அவருடன் போனவர் லெஸ்லி ரிடில், டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் இருந்த கறுப்பின கிடார் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஒரு வீட்டில் யாராவது பாடினால் ஏ. பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். திரும்பி வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுவார். தட்டில் ஏ. பி. பெயர் வரும். ரிடில் பெயர் வராது. பாடிக் கொடுத்த பாட்டிகளின் பெயரும் வராது.

இதில் தவறு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிட்டி வெல்ஸைத் திருடி என்பதைவிட இந்த இடத்தில் கேட்க வேண்டியது அதிகம். ஏ. பி. அலையாமல் இருந்திருந்தால் இவற்றில் பாதி இன்றைக்கு இருக்காது என்பதும் உண்மைதான், அதற்காக ரிடிலின் பெயர் விடுபட்டது சரியாகிவிடாது.

செண்பகம்:

இழையின் தலைப்பில் கிட்டி வெல்ஸ் பெயர் இருக்கிறது. இத்தனை பதிவுக்கு அப்புறமும் அந்த அம்மா மைக் முன்னால் வரவில்லை. நான் கூட்டி வருகிறேன்.

அவர் இயற்பெயர் எலன் மியூரியல் டீஸன். 1919-இல் நாஷ்வில் நகரத்திலேயே பிறந்தவர். ஓப்ரியில் பாட வந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள், இவர் உள்ளூர்ப் பெண். 1937-இல் ஜானி ரைட்டைக் கல்யாணம் செய்தார். கிட்டி வெல்ஸ் என்பது ஒரு பழைய நாட்டுப் பாட்டில் வரும் பெயர், கணவர் வைத்தது. ஜானி அண்ட் ஜாக் என்று கணவரின் ஜோடி பிரபலமாகிக்கொண்டிருந்தது, இவர் அவர்களோடு போகும் பாடகி. 1949, 50-இல் ஆர்சிஏ விக்டர் கம்பெனிக்குச் சில பாட்டுகள் பாடினார், விற்கவில்லை. 1952 தொடக்கத்தில் அவருக்கு வயது 32, மூன்று பிள்ளைகள். பாட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்ற நினைப்பில்தான் இருந்தார்.

டெக்கா கம்பெனியின் பால் கோஹன் இந்தப் பாட்டோடு வந்தபோது அவருக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. ஒலிப்பதிவுக்குப் போனால் சங்க விதிப்படி 125 டாலர் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டார். 1952 மே 3, நாஷ்வில் டுலேன் ஓட்டலில் இருந்த காசில் ஸ்டூடியோ. ஓட்டலின் பழைய சாப்பாட்டுக் கூடத்தை வானொலி இஞ்சினியர்கள் மூன்று பேர் ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார்கள். கணவரின் குழுவினர்தான் பக்கவாத்தியம், ஸ்டீல் கிடாரில் ஷாட் ஜாக்ஸன்.

அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். குரலில் ஆவேசமே இல்லை. அழுகையும் இல்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரி பாட இந்த வரிகள் எவ்வளவோ இடம் கொடுக்கின்றன, அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. நேராக, கொஞ்சம் மூக்கில் படும் சர்ச் குரலில், சாட்சி சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆண்களைப் பற்றிய அந்த வரி வரும்போதுகூடக் குரல் ஏறாது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று நான் நினைக்கிறேன். கத்தியிருந்தால் கோபக்காரி என்று ஒதுக்கியிருப்பார்கள்.

என்பிசி வானொலி அந்தப் பாட்டைத் தடை செய்தது. ஓப்ரி மேடையிலும் முதலில் பாட விடவில்லை. கடவுளைக் குறை சொல்லி ஆண் பாடிய பாட்டு 15 வாரம் ஓடலாம், கடவுள்மேல் பழி இல்லை என்று பெண் பாடியது ஒழுக்கக்கேடு! ஆனாலும் தட்டு விற்றுக்கொண்டே இருந்தது. அந்த வருடமே ஓப்ரி அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

தாளம்தட்டி:

செண்பகம் அக்கா, மனதில் பட்டதைக் கேட்கிறேன். அந்த வரிகளை எழுதியவர் ஓர் ஆண்தானே? ஜே. டி. மில்லர். எழுதியவர் ஆண், பாட வைத்தவர் ஆண், பாடியவருக்கே ஆர்வமில்லை. அப்படியிருக்க இதைப் பெண்ணின் குரல் என்று எப்படிச் சொல்வது?

செண்பகம்:

கேட்டது நல்லதுதான் தம்பி.

மில்லர் லூசியானாவின் க்ரவ்லி ஊர்க்காரர், ஃபீச்சர் என்று சொந்தத் தட்டுக் கம்பெனி வைத்திருந்தார். வைல்ட் சைட் ஓடத் தொடங்கியதும் பதில் எழுதினார். முதலில் அவர் கம்பெனியிலேயே ஆல் மான்ட்கோமரி என்ற பெண் ‘டிட் காட் மேக் ஹாங்க்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’ என்ற தலைப்பில் பாடினார். அதற்குப் பிறகுதான் டெக்காவுக்குப் போனது. ஆக மில்லருக்கு அது ஒரு வியாபார வாய்ப்பு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தட்டை வாங்கியது யார்? மதுக்கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டது யார்? கன்ட்ரியில் பெண்கள் பாடினால் விற்காது என்று தட்டுக் கம்பெனிகள் திடமாக நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1935-லேயே பாட்ஸி மான்டானாவின் கௌபாய் பாட்டு பிரமாதமாக விற்றிருந்தும் அந்த நம்பிக்கை மாறவில்லை. கிட்டி வெல்ஸுக்கு அப்புறம் மாறியது. அவரும் ஒரு பாட்டோடு நிற்கவில்லை. 1953-இல் வெப் பியர்ஸின் ‘பேக் ஸ்ட்ரீட் அஃபேர்’ பாட்டுக்கு இன்னொரு பதில், 1955-இல் ‘மேக்கிங் பிலீவ்’. அவர் போட்ட பாதையில்தான் லொரெட்டா லின் வந்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்றும் கருத்தடை மாத்திரை பற்றியும் லொரெட்டா பாட முடிந்தது அதனால்தான்.

யார் எழுதினார் என்பதோடு யார் வாயில் வந்தது, யார் காதில் விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் ஒரு பாட்டைப் பார்க்க வேண்டும்.

நாசரேத்காரர்:

ஜே. டி. மில்லர் பெயர் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். இதே மனிதர் க்ரவ்லி ஸ்டூடியோவில் ஸ்லிம் ஹார்ப்போ, லைட்னின் ஸ்லிம் போன்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களின் அற்புதமான தட்டுகளைத் தயாரித்தார். 1960-களில் ரெப் ரெபல் என்ற பெயரில் கறுப்பின மக்களை இழிவு செய்யும் இனவெறித் தட்டுகளையும் அவரேதான் வெளியிட்டார். ஏஞ்சல்ஸ் வரிகளைப் பாராட்டும்போது இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வானொலிவாசி:

தாளம்தட்டி தம்பிக்கு முதல் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் போகவில்லை என்று தோன்றுகிறது. நான் முயல்கிறேன்.

1952-இல் டென்னசியில் ஒரு நாற்பது வயதுக்காரர் ஏஞ்சல்ஸைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டு அவருக்கு இளவயதில் காதல் ஏக்கம். அப்புறம் பத்துப் பதினைந்து வருடமாகச் சபையில் பாடிய பாட்டு. கடந்த மூன்று மாதமாக ஜூக்பாக்ஸில் ஓர் ஆணின் குற்றச்சாட்டு. கிட்டி வெல்ஸ் முதல் வரியைத் தொடங்கும்போது இவ்வளவும் அவர் காதுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புது மெட்டில் பாடியிருந்தால் அது இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். அதே மெட்டில் வந்ததால்தான் அது பதில். தாம்ப்சன் பாட்டை அடுத்து ஜூக்பாக்ஸில் இதைப் போட்டால் வாக்குவாதம் நடக்கிற மாதிரியே இருந்திருக்கும். மெட்டை மாற்றாததுதான் அந்தப் பாட்டின் பலம். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இழைக்கு இன்னொரு செய்தி: 1977-இல் கன்ட்ரி பாடகர் டேவிட் ஆலன் கோ ‘இஃப் தட் எய்ன்ட் கன்ட்ரி’ என்ற பாட்டின் கடைசியில் இந்த நாலு பாட்டின் வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, அதே மெட்டில், ஒரே சரணமாகக் கோத்துப் பாடியிருக்கிறார். நீலக்கண், புள்ளிப் பறவை, ஹாங்க்கி டாங்க், வைல்ட் சைட், நாலும் ஒரே மூச்சில். அவரைக் கேட்ட ரசிகர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தாளம்தட்டி:

அந்தக் கோ பாட்டைக் கேட்டேன். கடைசிச் சரணத்துக்காக நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். பதில் என்பதை ஏற்கிறேன். லெஸ்லி ரிடில் விஷயத்தில் மட்டும் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழையதட்டு:

அது நிற்க வேண்டிய கேள்விதான்.

செண்பகம்:

பிற்காலப் பதிவுகளில் எது நல்லது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1981-இல் வேலன் ஜென்னிங்ஸும் அவர் மனைவி ஜெஸி கோல்டரும் வைல்ட் சைடையும் ஏஞ்சல்ஸையும் சேர்த்து ஒரே பாட்டாகப் பாடினார்கள். ஆண் குரலும் பெண் குரலும் ஒரே தட்டில் எதிரும் புதிருமாக வருவது அதன் சுவை. 1993-இல் டாலி பார்ட்டன், லொரெட்டா லின், டாமி வைனெட் மூவரும் சேர்ந்து போட்ட ‘ஹாங்க்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு இது. கிட்டி வெல்ஸும் அதில் விருந்தினராகப் பாடியிருக்கிறார். மூன்று பெரிய பாடகிகள் தங்கள் மூத்தவரை நடுவில் உட்கார வைத்துப் பாடும் பதிவு, கேட்கவே நிறைவாக இருக்கும்.

1988-இல் கே. டி. லாங்கின் ‘ஷாடோலேண்ட்’ ஆல்பத்திலும் கிட்டி வெல்ஸ், லொரெட்டா, பிரெண்டா லீ மூவரும் சேர்ந்து வரும் ஒரு தொகுப்புப் பாட்டு உண்டு. அதைத் தயாரித்தவர் ஓவன் பிராட்லி. 1952-இல் டெக்காவில் பால் கோஹனுக்குத் துணையாக இருந்த அதே பிராட்லிதான்.

ஆனால் என் ஓட்டு 1952-க்கே. வாங்கும்போது அல்லது தேடும்போது பதிவான வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டி வெல்ஸே பின்னாளில் மறுபடி பாடிய வடிவமும் சுற்றுகிறது. ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த முதல் பதிவின் நெருக்கம் அதில் கிடைக்காது. அவர் 2012 ஜூலையில், 92 வயதில், பிறந்த ஊரான நாஷ்வில் பக்கத்திலேயே காலமானார். கணவர் அதற்கு முந்தைய வருடம் போனார். கல்யாணமாகி எழுபது வருடத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

புதுக்கம்பி:

வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கிடார் இப்போதுதான் பழகுகிறேன். இந்த நாலில் எதை முதலில் கற்றுக்கொள்ளலாம்? எல்லாம் ஒரே கார்டு என்றால் ஏதாவது ஒன்று போதுமா?

மூன்றுகார்டு:

வாங்க தம்பி. நீலக்கண் பாட்டில் ஆரம்பியுங்கள். ஜி, சி, டி மூன்றும் தட்டுத்தடங்கல் இல்லாமல் மாறும் வரை வெறும் ஸ்ட்ரம்மிங். குரலுக்கு உயரம் போதவில்லை என்றால் கேப்போ (கிடார் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டு ஏற்றிக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், சாராவின் தாழ்ந்த குரலுக்காக மேபெலும் கிடாரை இறக்கித்தான் வைத்துக்கொள்வார். கை பழகியதும் மெட்டைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவாருங்கள், அங்கேதான் நேரம் பிடிக்கும்.

ஒன்று போதுமா என்றால் போதாது. கார்டு ஒன்றுதான், ஆனால் ஏக்கஃப் வரி முடிவில் எவ்வளவு நேரம் இழுத்து நிற்கிறார், கிட்டி வெல்ஸ் எங்கே சட்டென்று விட்டுவிடுகிறார் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறு. நாலையும் பாடிப் பழகுங்கள். முதல் வரி சி-யில் நிற்கும்போது டி-க்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். வரும் வாரம் கட்டைவிரல் பயிற்சிக்குத் தனி இழை போடுகிறேன்.